பலகையில் 9 மணி, சவாரி 10 மணிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறை நெருங்கிக்கொண்டிருக்கும் இந்நேரத்தில், கேளிக்கைப் பூங்காக்களின் வாயிலில் காலை வேளையில் ஏற்படும் நெரிசலையும் நீண்ட வரிசைகளையும் பற்றித் தங்கள் இதழின் வழியாகச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். பொழுதுபோக்க வந்த இடத்தில் சற்று நேரம் நிற்பது ஒரு குறையா, தென்னாப்பிரிக்காவில் எழுதுவதற்கு இதைவிடப் பெரிய குறைகள் இல்லையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பெரிய குறைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்த பணத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாளைப் பிள்ளைகளுக்கென்று எடுத்துவைக்கும் குடும்பத்துக்கு, அந்த நாளின் முதல் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றே கழிவது சிறிய விஷயமாகத் தோன்றாது.

கடந்த ஆண்டு டிசம்பரில் என் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர், 74 வயதான என் அக்கா ஆகியோருடன் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். அதன் பெயரைச் சொல்லி ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அங்கே நடந்தது வேறு பல இடங்களிலும் நடப்பதுதான் என்று உறவினர்களும் அண்டை வீட்டாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். விளம்பரத்திலும் வாயில் பலகையிலும் திறப்பு நேரம் காலை 9 மணி என்று இருந்தது. டிசம்பரில் டர்பன் பக்கம் 5 மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும். புளிச்சோறும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு (இந்நாட்டில் எல்லா இனத்தாரும் அந்தக் கட்டுச்சோற்றைப் ‘பட்கோஸ்’ என்றுதான் சொல்வார்கள்) எங்கள் ஊரான சாட்ஸ்வர்த்திலிருந்து புறப்பட்டு, 8 மணி 10 நிமிடத்துக்கெல்லாம் வாயிலை அடைந்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் அறுபது எழுபது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். நுழைவுச்சீட்டை மருமகன் இணையத்தில் முன்பே வாங்கி வைத்திருந்ததால், முதல் ஆட்களாக உள்ளே போய்விடுவோம் என்று பேரன் துள்ளிக்கொண்டிருந்தான்.

9 மணிக்குக் கதவு திறந்தது என்னவோ உண்மைதான். ஆனால் சீட்டு வாங்க வேண்டியவர்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், சீட்டோடு வந்தவர்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லும் பலகை ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாரும் ஒரே திரளாக நின்றிருந்தோம். பைகளைச் சோதிக்க ஒரே மேசை. சீட்டைப் படிக்கும் கருவி ஒன்று வேலை செய்யவில்லை. 9.40 ஆயிற்று. அப்போதும் எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருந்தன. நெரிசலைக் குறைப்போம் என்ற நல்லெண்ணத்தில்தான் இருக்க வேண்டும், ஒரு பணியாளர் இடப்பக்கத்துச் சிறு கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவுக்கு அருகில் நின்றிருந்தவர்கள் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அப்போதுதான் வந்தவர்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அதுவரை பொறுமையாக இருந்த கூட்டம் அந்த ஒரு நொடியில் குணம் மாறியதை என் கண்ணால் கண்டேன். எல்லாரும் இடப்பக்கம் திரும்பித் தள்ளத் தொடங்கினார்கள். அக்காவின் கை என் கையிலிருந்து நழுவியது. ஆறு வயதுப் பேரன் இரண்டு நிமிடம் கண்ணில் படவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒருவழியாக உள்ளே போனால், பெரிய சவாரிகள் அனைத்தின் முன்னும் சங்கிலி கட்டியிருந்தது. காலைச் சோதனை ஓட்டம் இன்னும் முடியவில்லை, 10 மணிக்கு மேல்தான் ஏற்றுவோம் என்றார்கள். சோதனை ஓட்டம் கட்டாயம் நடக்க வேண்டியதுதான். ஆள் ஏறாமல் வெறும் பெட்டிகளை ஓட்டிப் பார்த்து, பூட்டும் பட்டையும் தடுப்பும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு நாளும் உறுதி செய்துகொண்ட பிறகே மனிதர்களை ஏற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது பூங்காவுக்கு நன்றாகத் தெரியும். அதற்கேற்பக் காலையில் முன்கூட்டியே அதைத் தொடங்கியிருக்கலாம். அல்லது சவாரி 10 மணிக்கு என்று பலகையில் எழுதியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. சங்கிலியை அவிழ்த்ததும் ஓட்டமும் நடையுமாகப் போய் நாங்கள் நின்ற வரிசையில் சவாரிக்கு மேலும் 70 நிமிடம் ஆனது.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். பலகையில் எழுதப்படும் திறப்பு நேரம், முதல் சவாரி ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரமாக இருக்க வேண்டும். வெளி வாயிலைத் திறப்பதும், பைகளைச் சோதிப்பதும், சீட்டைப் படிப்பதும், கையில் பட்டை கட்டுவதும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

இதற்கான கணக்கு மிக எளிது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு நுழைவாயிலில் ஒருவரை உள்ளே விட 12 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வாயில் நிமிடத்துக்கு 5 பேரை உள்ளே விடும். ஐந்து வாயில்கள் சேர்ந்து 25 பேரை விடும். வெளியே 2,000 பேர் நின்றால் கடைசி ஆள் உள்ளே போக 80 நிமிடம் ஆகும். 9 மணிக்கு வாயிலைத் திறந்தால் அவர் 10.20-க்கு உள்ளே வருவார். 8 மணிக்குத் திறந்தால் 9.20-க்கு வந்துவிடுவார். ஒருவருடைய சீட்டைக் கருவி படிக்க மறுத்து ஒரு நிமிடம் போனால், அந்த வாயிலில் ஐந்து பேருடைய முறை போய்விடுகிறது. சிக்கலான சீட்டை வைத்திருப்பவரை அங்கேயே நிறுத்தி வைக்காமல் பக்கத்தில் தனி மேசைக்கு அனுப்பினாலே பாதிச் சிரமம் தீரும்.

உள்ளே சவாரிக்கும் இதே கணக்குதான். 24 பேர் அமரும் தொடர்வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 720 பேர் ஏறலாம். வரிசையில் 200-ஆவது ஆளாகச் சேர்பவர் ஏறத்தாழ 17 நிமிடம் காத்திருப்பார். 1,000-ஆவது ஆளாகச் சேர்பவர் 83 நிமிடம் காத்திருப்பார். சவாரி அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கினால் 360 பேருக்கான இருக்கைகள் காலியாகவே போகின்றன. அந்த 360 பேரும் வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள். அதன் பிறகு நிமிடத்துக்கு 12 பேர் ஏறிப் போனாலும், புதிதாக 12 பேர் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், காலையில் தேங்கிய கூட்டம் பிற்பகல் வரை கரைவதில்லை. நாள் முழுவதும் வரிசை நீளமாக இருந்ததே என்று நாம் அலுத்துக்கொள்வோம். அந்த நீளம் உண்டானது காலை முதல் அரைமணி நேரத்தில்தான்.

இவ்விஷயத்தில் அறிவியலுக்குப் பஞ்சமில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் தேங்குவதை ஆராய்ந்து டென்மார்க் நாட்டு அறிஞர் எர்லாங் 1909-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே வரிசைக் கணிதம் தொடங்கிவிட்டது. வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கை, ஆட்கள் வந்து சேரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்று ஜான் லிட்டில் 1961-ல் நிறுவினார். இது பெரிய கணிதமாகத் தோன்றினாலும், ஒரு பாட்டிகூட வரிசையில் நின்றபடி இதைப் பயன்படுத்தலாம்: ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் சவாரியில் ஏறுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, நமக்கு முன்னால் நிற்பவர்களை அந்தக் கணக்கால் வகுத்து ஐந்தால் பெருக்கினால், எத்தனை நிமிடம் ஆகும் என்பதும், நிற்கலாமா வேறு பக்கம் போகலாமா என்பதும் தெரிந்துவிடும். சென்ற முறை பேத்தியை எண்ணச் சொன்னேன். அவளுக்கு அது ஒரு விளையாட்டாகவும் எனக்கு ஒரு கணக்கு வகுப்பாகவும் அமைந்தது.

கூட்டம் ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டது, நம் மக்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது என்று அன்று என் பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லா இனத்தாரும் சேர்ந்து முதன்முறையாக வாக்களித்த பொதுத் தேர்தலில், 1994 ஏப்ரல் 27 அன்று, இந்த நாட்டு மக்கள் நின்ற வரிசையை உலகமே பார்த்தது. தெருக்களைத் தாண்டி, மைதானங்களைச் சுற்றி, மைல் கணக்கில் நீண்ட அந்த வரிசைகளில் ஒன்றில் நானும் நின்றேன். காலையில் நின்றவள் பிற்பகலில்தான் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினேன். யாரும் யாரையும் தள்ளவில்லை. எல்லாருக்கும் ஒரே வரிசை என்பதும், தன் முறை கட்டாயம் வரும் என்பதும் அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். முதியோரும் நோயாளிகளும் அந்த நெரிசலில் சிக்கக்கூடாது என்று அவர்களுக்காக முதல் நாளான 26-ஆம் தேதியையே ஒதுக்கியிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். நாடு முழுவதும் நடந்த அப்படியொரு தேர்தலில் செய்ய முடிந்த ஏற்பாட்டை, முதியோருக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் நிழலில் ஒரு தனி வாயில் என்ற அளவிலாவது ஒரு பூங்கா செய்யக்கூடாதா?

எங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயிலில் கஞ்சி வார்க்கும் நாளிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வாலிபப் பிள்ளைகள் நான்கு பேர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வரிசையின் தலையில் ஒருவர், வளைவில் ஒருவர், வாலில் ஒருவர், நடுவில் தண்ணீர்ச் செம்புடன் ஒருவர் என்று நின்றுவிடுவார்கள். வாலில் நிற்பவரின் வேலை ‘வரிசை இங்கே தொடங்குகிறது’ என்று வருபவர்களுக்குச் சொல்வது மட்டும்தான். அதுதான் நான்கில் முக்கியமான வேலை என்று இப்போது எனக்குப் படுகிறது. அன்று பூங்காவில் சீருடை அணிந்த பணியாளர்கள் எட்டுப் பேரை எண்ணினேன். எட்டுப் பேரும் கதவருகில்தான் நின்றார்கள், வரிசையின் வாலில் ஒருவர்கூட இல்லை.

பெரிய பூங்காக்களும் தொடக்கத்தில் தடுமாறியவைதாம். கலிபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது, போலிச் சீட்டுகளோடும் வேலி ஏறிக் குதித்தும் பலர் வந்ததால், அழைக்கப்பட்டவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மக்கள் உள்ளே சேர்ந்துவிட்டார்கள். வெயிலில் புதுத் தார் உருகிப் பெண்களின் காலணிக் குதிகள் அதில் புதைந்தன; குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களும் போதவில்லை. ஆனால் அதன் பிறகு அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று அத்தகைய பூங்காக்களில், அறிவித்த நேரத்துக்கு முன்பே வெளி வாயிலைத் திறந்து மக்களை உள்ளே விட்டுவிட்டு, சவாரிகளுக்குப் போகும் பாதையில் மட்டும் கயிறு கட்டி நிறுத்தி வைப்பார்கள். சோதனையும் சீட்டும் முடிந்த நிலையில் மக்கள் அங்கே நிற்பார்கள். நேரம் வந்ததும் பணியாளர்கள் கயிற்றைப் பிடித்தபடியே முன்னால் மெதுவாக நடக்க, மக்கள் அவர்களுக்குப் பின்னால் நடந்து வருவார்கள். ஓடுவதற்கு வழியே இல்லை. டோக்கியோ டிஸ்னி பூங்காவில் திறப்புக்கு முன் மக்கள் தரையில் விரிப்பை விரித்து உட்கார்ந்து காத்திருப்பதும், நேரம் நெருங்கியதும் எழுந்து விரிப்பை மடித்து நிற்பதும் வழக்கம். என் அக்காவிடம் இதைச் சொன்னபோது, ‘நம் ஊரில் பாய் விரித்தால் அதன்மேல் ஏறி நடந்து போவார்கள்’ என்றார். ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உட்கார அனுமதித்துப் பார்த்தால்தானே தெரியும்.

காத்திருப்பதன் மனநிலையைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-ல் எழுதியவை இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. சும்மா நிற்கும் நேரம் ஏதேனும் ஒன்றில் ஈடுபட்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத தாமதமும், எவ்வளவு நேரம் என்று தெரியாத தாமதமும், நியாயமற்றது என்று தோன்றும் தாமதமும் இன்னும் நீளமாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. எங்கள் அனுபவத்தில் இவை அத்தனையும் ஒரே காலைப்பொழுதில் ஒன்றுசேர்ந்திருந்தன. ‘கருவி ஒன்று பழுது, இன்னும் அரைமணி ஆகும், மன்னிக்கவும்’ என்று ஒலிபெருக்கியில் ஒருவர் ஆங்கிலத்திலும் சூலு மொழியிலும் சொல்லியிருந்தால் கூட்டத்தின் கோபம் பெருமளவு அடங்கியிருக்கும். அதற்குப் பணச் செலவும் இல்லை.

பணம் கட்டி வரிசையைத் தாண்டிப் போகும் சீட்டைப் பற்றியும் ஒரு சொல். புளோரிடாவின் டிஸ்னி பூங்காக்களில் 1999-ல் தொடங்கிய ‘பாஸ்ட்பாஸ்’ என்ற முறை இலவசமாக இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பி வரச் சொல்லும் சீட்டு எல்லாருக்கும் கிடைத்தது. 2021-ல் அது கைவிடப்பட்டு, கூடுதல் பணம் கட்டும் முறை வந்தது. இதன் சாயல் இங்கும் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது. ஒருவர் பணம் கொடுத்து 20 நிமிடம் மிச்சப்படுத்தினால், சவாரியின் இருக்கைகள் கூடிவிடுவதில்லை. அந்த 20 நிமிடத்தைப் பின்னால் நிற்கும் மற்றவர்கள் பகிர்ந்து சுமக்கிறார்கள். 1953-ஆம் ஆண்டுத் தனி வசதிகள் சட்டத்தின் கீழ், டர்பன் கடற்கரையில் எந்த நிறத்தார் எந்தப் பகுதியில் கால் வைக்கலாம் என்று பலகை வைத்திருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். கடற்கரையோரக் கேளிக்கைகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய நாட்கள் நினைவில் இருக்கின்றன. 1989-ல் கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன; 1990-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. பணத்தால் பிரியும் வரிசையையும் நிறத்தால் பிரித்த வரிசையையும் ஒன்றாகவே வைத்துப் பேச மாட்டேன். அது அக்காலத்தில் பட்டவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். ஆனாலும், பக்கத்துப் பாதையில் நம்மைத் தாண்டிச் சிரித்துக்கொண்டு போகும் குடும்பத்தைக் காட்டி ‘அவங்க மட்டும் ஏன் ஆயா போறாங்க?’ என்று பேரன் கேட்டபோது, எனக்குப் பழைய வேலி நினைவுக்கு வந்ததை மறைக்க முடியாது.

இது வெறும் வசதியைப் பற்றிய கடிதமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். சாட்ஸ்வர்த்தில் வாழ்பவர்களுக்கு 2000-ஆம் ஆண்டு மார்ச் 24 மறக்காது. பள்ளிப் பிள்ளைகள் நிறைந்திருந்த ஒரு நடன விடுதியில் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டு, வெளியேற முயன்ற நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில், உள்ளே இடமில்லாத நிலையிலும் வெளியிலிருந்து மக்கள் தள்ளிக்கொண்டு வந்ததில் கால்பந்து ரசிகர்கள் 43 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி ங்கோபே தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2010-ல் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. பூங்கா வாயிலில் நடந்ததை இவற்றோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லலாம். முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாதபோதுதான் தள்ளுதல் தொடங்குகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து ஆறு பேர் என்ற அளவுக்கு நெருக்கம் கூடிவிட்டால் தனி மனிதருக்குத் தன் உடல்மேல் கட்டுப்பாடு போய்விடுகிறது என்று கூட்ட நெரிசலை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். அறிவிப்பில்லாமல் ஒரு பக்கக் கதவைத் திறப்பது எத்தகைய காரியம் என்பதை அந்தப் பணியாளருக்கு யாரேனும் பயிற்சியில் சொல்லியிருக்க வேண்டும். பிழை அவருடையது என்று நான் எண்ணவில்லை. அவருக்கு வயது இருபதுகூட இருக்காது, விடுமுறைக்கால வேலைக்கு வந்த பிள்ளை.

நிர்வாகங்கள் திருந்தும்வரை குடும்பங்கள் சும்மா இருக்க முடியாது. ஜனவரியில், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே இடத்துக்குப் போனோம். இம்முறை பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டு போனோம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 16, 26, ஜனவரி 1 ஆகிய விடுமுறை நாட்களையும் சனி ஞாயிறுகளையும் தவிர்த்ததே பாதி வெற்றி. பந்திக்கு முந்து என்று நம்மவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். 8 மணிக்கு முன்பே வாயிலில் இருந்தோம். சீட்டுகளைக் கைப்பேசியில் மட்டும் நம்பாமல் தாளிலும் அச்சிட்டு எடுத்துப் போனோம், ஏனென்றால் வெயிலில் திரை மங்கிக் கருவி படிக்க மறுத்ததைச் சென்ற முறை பார்த்திருந்தோம். ஆறு பேருக்கு ஆறு பைகள் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தோம். பை இல்லாதவர்கள் சோதனை மேசையில் நிற்கவே தேவையில்லை. டர்பன் கடற்கரையில் பண்டிகைக் காலத்தில் குழந்தைகளின் கையில் அடையாளப் பட்டை கட்டுவதைப் பார்த்திருந்த மகள், இரு பிள்ளைகளின் மணிக்கட்டிலும் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டிவிட்டாள். தவறிப்போனால் எந்த மரத்தடிக்கு வர வேண்டும் என்பதையும் உள்ளே நுழைந்தவுடனேயே காட்டிக் கொடுத்தோம்.

நுழைந்தவுடன் கண்ணில் படும் முதல் சவாரியில் நிற்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வாயிலருகே இருக்கும் ராட்டினத்துக்குக் காலையிலேயே நூறு பேர் நிற்பார்கள். பூங்காவின் கடைக்கோடியில் இருக்கும் பெரிய சவாரி அப்போது ஏறக்குறைய காலியாக இருக்கும். எது முதலில், எது இரண்டாவது என்று முந்தைய இரவே முடிவு செய்துகொண்டு, வாயிலருகே உள்ளவற்றைத் தாண்டி நேரே கடைக்கோடிக்கு நடந்தோம். முதல் ஒன்றரை மணி நேரத்தில் நான்கு சவாரிகள் முடிந்தன. டிசம்பரில் மாலைவரை நின்றும் நான்குதான் ஏறியிருந்தோம். எல்லாரும் 1 மணிக்குச் சாப்பிடும்போது வரிசைகள் சற்றுக் குறையும் என்பதால் நாங்கள் 11 மணிக்கே கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டோம். தனியாக வருபவர்களுக்கென்று இருந்த பாதையில் மருமகன் மட்டும் போய்ப் பத்தே நிமிடத்தில் ஏறி இறங்கினார். அக்கா எங்களோடு ஓடி அலையாமல் நிழலில் உட்கார்ந்து, வருவோர் போவோரைப் பற்றி எங்களுக்கு விவரமாகச் சொல்வதற்காகச் செய்திகள் சேகரித்துக்கொண்டிருந்தார். பிற்பகல் 2 மணிக்கு, வரிசைகள் மிக நீளமாக இருக்கும் நேரத்தில், நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

ஆனால் இந்தத் தந்திரங்கள் எல்லாம் எல்லாரும் செய்யாதவரைதான் பலிக்கும். வரும் குடும்பங்கள் அனைத்தும் 8 மணிக்கு வந்து கடைக்கோடிக்கு நடந்தால் கடைக்கோடியில்தான் வரிசை நீளும். கேப் டவுனில் 1998-ல் திறந்த ரட்டங்கா ஜங்ஷன் 2018-ல் மூடப்பட்டுவிட்ட பிறகு, எஞ்சியிருக்கும் சில பூங்காக்களின் மேல்தான் விடுமுறைக் கூட்டம் இறங்குகிறது. எனவே வாயிலைத் திறக்கும் நேரமும், சவாரி தொடங்கும் நேரமும், அன்றைக்கு ஓடாத சவாரிகளின் பெயர்களும் தனித்தனியாக அறிவிக்கப்பட வேண்டும் என்பதைத் தங்கள் இதழும் பூங்கா நிர்வாகங்களிடம் வலியுறுத்த வேண்டுகிறேன். விளம்பரம் வெளியிடும்போது ‘வாயில் 8 மணி, சவாரி 9 மணி’ என்று இரண்டு நேரங்களையும் கேட்டு வாங்கி அச்சிட்டாலே வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

நான் சென்ற பூங்காவுக்கு ஜனவரியிலேயே ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் அனுப்பும் இரண்டு வரிப் பதில் அன்றே வந்தது. இவ்வாண்டும் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதால் டிசம்பருக்கு ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துச் சீட்டு வாங்கிவிட்டோம். வாயிலில் உட்காருவதற்கு மடக்கு நாற்காலி கொண்டுவர அனுமதி உண்டா என்று அக்கா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதையும் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.